பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்த இரத்தம்

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. எழுத உட்காரும்போதெல்லாம் ஊரும் உறவும் கண்முன் வந்து நிற்கும், கொப்பியை மூடிவிடுவேன். யாழ்ப்பாணத்தில் சீனி வருத்தத்தைப் பற்றிக் கோயில் வீதியில் நின்று சத்தமாகவே பேசுவோம். பைபாஸ் செய்தவரை வீடு தேடிப் போய் நலம் விசாரிப்போம். ஆனால் மனைவியோடு இருக்கும் நேரத்தில் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் அதை ஓர் ஆண் எவரிடமும் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. அதனால் ஏறத்தாழ இரண்டு வருடம் போனது. கணக்குப் பார்த்தால் 3 இலட்சத்து 12 ஆயிரம் ரூபாயும் போனது. இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற எங்கள் ஆசையும் ஏறக்குறைய கைநழுவிப் போயிருக்கும். ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது, அதை நான் எப்படிப் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்பதை நடந்த ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

2022ஆம் ஆண்டு எனக்கு 38 வயது. கொக்குவிலில் கட்டடப் பொருள்கள் விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். அந்த வருட நெருக்கடியில் சீமெந்து விலை ஏறிக்கொண்டே போனது, கட்டட வேலைகள் பாதியில் நின்றன, கடன் கொடுத்த இடங்களிலிருந்து காசு வரவில்லை. பெற்றோலுக்காக இரவிரவாக வரிசையில் நின்றிருக்கிறேன். அந்தக் காலத்தில்தான் எனக்குக் களைப்பு தொடங்கியது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கடைக் கதிரையில் இருந்தால் தலை தானாகவே சாய்ந்துவிடும். வயிறு வைத்தது. காற்சட்டைகளை இரண்டு தடவை தையல்காரரிடம் கொடுத்து இடுப்பைப் பெருப்பித்தேன். எல்லாவற்றுக்கும் நெருக்கடிதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் எழும்பும்போது ஆண்களுக்கு இயல்பாக இருக்கும் விறைப்பு எப்போது நின்றது என்றுகூட எனக்குத் தெரியாது. ஒருநாள் யோசித்துப் பார்த்தபோதுதான் அது பல மாதங்களாக இல்லை என்பது உறைத்தது. ஆசையும் குறைந்திருந்தது. ஆசை வந்த நாட்களிலும் உடம்பு பாதி வழியில் கைவிட்டது.

ஓரிரவு மனைவி இருட்டுக்குள் மெதுவாகக் கேட்டாள்: "என்னில் ஏதும் பிழையா?" அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "உம்மில் ஒரு பிழையும் இல்லை, எனக்குக் களைப்பு" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் தூங்கும்வரை நான் வெளி விறாந்தையில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மணி, இரண்டு மணி ஆகும். அந்த விழிப்பே என் உடம்பை இன்னும் கெடுத்துக்கொண்டிருந்தது என்பது பின்னர்தான் தெரியவந்தது.

போனில் ஒரு தடவை இப்படியான விடயத்தைத் தேடினால் போதும், அன்றிலிருந்து விளம்பரங்கள் துரத்தும். முதலில் லேகியம் வாங்கினேன். மூன்று போத்தல், 24,000 ரூபாய். எந்த மாற்றமும் இல்லை. அடுத்தது "நூறு வீதம் மூலிகை" என்று எழுதியிருந்த ஒரு கூட்டுக்குளிசை. பெட்டி ஒன்று 18,500 ரூபாய்; மூன்று பெட்டி வாங்கினேன். பொதி கடைக்கு வரும். வேலைக்கு நிற்கும் தம்பி கையெழுத்துப் போட்டு வாங்குவான். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் குளிசை வேலை செய்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் எடுத்து முக்கால் மணித்தியாலத்தில் முகம் சிவந்து கொதிக்கும், மூக்கு அடைக்கும், தலை விண் விண் என்று இடிக்கும். மூலிகைக்கு இப்படி ஒரு வேகமா என்று நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மூலிகை என்று விற்கப்படும் இப்படியான குளிசைகள் பலவற்றில் சில்டெனாஃபில் என்ற விறைப்பு மருந்தைச் சொல்லாமல் கலந்துவிடுகிறார்கள். பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் இதைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கின்றன. சில்டெனாஃபில் கெட்ட மருந்து அல்ல. 1998 முதல் வைத்தியர்கள் எழுதிக்கொடுக்கும் மருந்துதான். ஆனால் நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையைப் போன்ற நைத்திரேற்று மருந்துகள் எடுப்பவர் இதையும் எடுத்தால் இரத்த அழுத்தம் திடீரென்று விழுந்து உயிரே போகலாம். என்ன விழுங்குகிறோம் என்று தெரியாதவர் அதைத் தன் வைத்தியரிடம் எப்படிச் சொல்வார்? என் அப்பா அந்த நெஞ்சு நோக் குளிசையைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பவர். இந்தப் பெட்டி வீட்டு அலுமாரியில் இருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயம் வருகிறது.

2023 சித்திரை வருடப்பிறப்புக்கு வாழ்த்துச் சொல்லக் கனடாவிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணா ஒருவர் கதைத்தார். அவரிடம்தான் முதன்முதலாக வாய் திறந்தேன். "தம்பி, இதற்கு டெஸ்டோஸ்டிரோன் பார்க்க வேண்டும். இங்கே என்னோடு வேலை செய்பவர்கள் இரண்டு மூன்று பேர் ஊசி போடுகிறார்கள், ஆளே மாறிவிட்டார்கள்" என்றார். அடுத்த வாரமே ஒரு தனியார் இடத்துக்குப் போனேன். அந்த இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போனதால், இரத்தம் எடுக்கும்போது பிற்பகல் மூன்று மணி. மத்தியானம் சோறும் ஆட்டிறைச்சியும் சாப்பிட்டு வந்திருந்தேன். எப்போது சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு எழும்பினீர்கள் என்று எவரும் கேட்கவில்லை. இரண்டு நாளில் முடிவு வந்தது: 214. கீழே 264இற்கு மேல் இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. "உங்களுக்கு ஓமோன் குறைவு, மூன்று கிழமைக்கு ஒருக்கால் ஊசி போட்டால் சரி" என்றார்கள். ஆறே நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

வாசிப்பவர் வேறு எதையும் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்கக் கூடாது. டெஸ்டோஸ்டிரோன் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. காலையில் உச்சத்தில் இருக்கும், பின்னேரம் நோக்கி இறங்கும். சாப்பாடும் அதைக் குறைக்கும். ஆகவே காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெறும் வயிற்றோடு, இரவு நன்றாகத் தூங்கி எழுந்த பிறகுதான் இரத்தம் கொடுக்க வேண்டும். காய்ச்சலோ வேறு வருத்தமோ இருக்கும் நாட்களில் கொடுக்கக் கூடாது. ஒரு தடவை குறைவாக வந்தால் வேறொரு நாள் காலையில் மறுபடியும் பார்க்க வேண்டும். இரண்டு தடவையும் குறைவு, அதோடு உடம்பில் அறிகுறியும் இருக்கிறது என்றால் மாத்திரமே "குறைவு" என்று பேசலாம். எனக்கு நடந்தது ஒரேயொரு பரிசோதனை, அதுவும் சோற்றுக்குப் பிறகு மூன்று மணிக்கு. அந்த ஒரு தாளை வைத்து ஏழு மாதம் போனது.

ஊசி தொடங்கியது வைகாசியில். ஒன்றுக்கு 7,500 ரூபாய். ஒன்பது ஊசி, 67,500. அதோடு வாங்கச் சொன்ன விற்றமின் பெட்டிகளுக்கு 39,000. முதல் இரண்டு மாதம் நான் புதிய மனிதன் போல இருந்தேன் என்பதும் உண்மை. ஊசி போட்ட மூன்றாம் நான்காம் நாள் உற்சாகம் பொங்கும், ஆசை திரும்பும். மூன்றாம் கிழமை வரும்போது எல்லாம் வடிந்து எரிச்சல் மட்டும் மிஞ்சும். பிள்ளை ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்டால் சீறி விழுவேன். முதுகில் பருக்கள் வந்தன. இரத்தம் தடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. இந்த ஊசி சிவப்பணுக்களைக் கூட்டும். மொத்த இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 54 வீதத்தைத் தாண்டினால் சிகிச்சையை நிறுத்த வேண்டும் என்பது விதி, ஏனென்றால் இரத்தம் கட்டிபடும் ஆபத்து இருக்கிறது. ஆறு மாதமாக எவரும் அதைப் பார்க்கவில்லை. பின்னர் பார்த்தபோது எனக்கு 55.

இனிச் சொல்லப் போவதுதான் எனக்கு இன்றும் நோகும் பகுதி. உடம்பு திரும்பிவிட்டது என்ற நம்பிக்கையில் நாங்கள் இரண்டாவது பிள்ளைக்கு முயன்றோம். மாதங்கள் போயின. மாமியார் நேர்த்தி வைத்தார். வழக்கம்போல முதலில் வைத்தியரிடம் போனது மனைவிதான். ஸ்கான், இரத்தப் பரிசோதனைகள், சூல் முட்டை வெளிவருவதற்கான குளிசைகள் என்று நான்கு மாதம் அவள் அலைந்தாள். 80,000 ரூபாய் அதற்குப் போனது. ஊசி போடுவதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் வைத்தியர், "கணவருக்கு இன்னும் ஒன்றும் பார்க்கவில்லையே" என்று விந்துப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். 2023 கார்த்திகை மாதம் முடிவு வந்தது. மோட்டார் சைக்கிளை வேப்பமர நிழலில் விட்டுவிட்டு உறையைப் பிரித்தேன். மேலே என் பெயர், வயது. கீழே ஒரே வரி: விந்தணுக்கள் காணப்படவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. தாளின் ஓரம் நனைந்து மை கரைந்தது. மடித்து வைக்கக்கூடக் கை வரவில்லை. அங்கிருந்து வீட்டுக்கு ஆறு கிலோமீற்றர். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பது நினைவில் இல்லை.

அன்றிரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லேகியம், பெட்டிகள், ஊசி, எல்லாம். அவள் அழவில்லை. நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காசு போனது பரவாயில்லை. நான்கு மாதம் நான் தனியாக அந்த வரிசையில் இருந்தேன், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பது விளங்கிக்கொள்ளக் கடினமான விடயம் அல்ல. எனக்கு முதலே ஒருவர் சொல்லியிருந்தால் போதும். மூளையின் அடியில் இருக்கும் கபச்சுரப்பி, எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஓமோன்களை அனுப்பி ஆணின் விதைகளுக்கு வேலை சொல்கிறது. எல்.எச். போய்ச் சேர்ந்தால் விதை டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும், எஃப்.எஸ்.எச். விந்தணு உற்பத்திக்குத் துணைநிற்கும். வெளியிலிருந்து ஊசி போட்டால், இரத்தத்தில் போதிய ஓமோன் இருக்கிறதே என்று கபச்சுரப்பி தன் கட்டளையை நிறுத்திவிடும். விதைக்குள் வேலை நின்றுவிடும், விந்தணு வற்றிவிடும், விதையே சுருங்கவும் கூடும். ஆண்மைக்கு என்று போடும் ஊசிதான் பிள்ளைக்கு எதிரி. ஆகவே பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் எந்த ஆணும் இந்த ஊசியையோ, பூசும் ஜெல்லையோ தொடக் கூடாது. அப்படியானவர்களுக்கு வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. "இனிப் பிள்ளை வேண்டுமா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் ஊசியை ஏற்றுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மார்கழியில் மனைவிதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். குடும்ப வைத்தியர் ஒருவரின் கடிதத்தோடு அரச வைத்தியசாலையில் ஓமோன் வருத்தங்களைப் பார்க்கும் நிபுணரின் கிளினிக்குக்குப் போனோம். விடியற்காலையில் போய் இலக்கம் எடுத்து, பதினொரு மணிவரை வாங்கில் இருந்தோம். ஒரு சதமும் செலவில்லை. அந்த வாங்கில் இருந்தபோதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. இது இங்கேயே இருந்ததே, ஊருக்கு நடுவில், இலவசமாக. வெட்கம் ஒன்றுக்காக நான் மூன்று இலட்சத்தைக் கொட்டியிருக்கிறேன்.

அந்த வைத்தியர் முதலில் ஓமோனைப் பற்றிப் பேசவேயில்லை. நிறை பார்த்தார்: 92 கிலோ. என் உயரம் 170 சென்ரிமீற்றர். தொப்புள் மட்டத்தில் நாடாவைச் சுற்றி அளந்தார்: 105 சென்ரிமீற்றர். எங்களைப் போன்ற தெற்காசிய ஆண்களுக்கு 90இற்கு மேல் போனாலே ஆபத்து என்றார். மனைவியைப் பார்த்து, "இவர் குறட்டை விடுவாரா? இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்புவாரா?" என்று கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு என்னிடம் காலை விறைப்பு, ஆசை, உறவின்போது விறைப்பு என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டார். 40 முதல் 79 வயது வரையான ஐரோப்பிய ஆண்கள் 3,369 பேரில் செய்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், டெஸ்டோஸ்டிரோன் குறைவோடு உறுதியாகச் சேர்ந்து வந்தவை இந்த மூன்று அறிகுறிகளும்தான் என்று விளக்கினார். களைப்பு மட்டும் இருந்தால் அதற்கு நூறு காரணங்கள் இருக்கலாம். கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை இரத்தத்தில் பார்த்தபோது 7.6. 6.5இலேயே நீரிழிவு என்று சொல்லிவிடுவார்கள். எனக்குச் சீனி வருத்தம் வந்து எவ்வளவு காலமோ, யாருக்குத் தெரியும். இரண்டு வருடம் ஆண்மைக்கு மருந்து தேடித் திரிந்த எனக்கு ஒருவரும் சீனி பார்க்கவில்லை; நானும் கேட்கவில்லை.

அவர் விளக்கியதை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். வயிற்றைச் சுற்றி இருக்கும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதில் இருக்கும் அரோமற்றேஸ் என்ற நொதியம் டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஓமோனான ஈஸ்திரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடி இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போனால், இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்து திரியும் ஒரு புரதமும் குறைகிறது. அதனால் மொத்த அளவு குறைவாகத் தெரியும். உடம்புக்குள் மெல்ல எரியும் அழற்சியும், தூக்கக் குறைவும் கபச்சுரப்பியின் கட்டளையையும் தளர்த்துகின்றன. மறுபக்கம், டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் தசை குறைந்து கொழுப்பு கூடும். ஒன்று மற்றதை இழுத்து விழுத்தும். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருப்பது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. விறைப்புக் குறைவோ இன்னொரு வழியாலும் வருகிறது. ஆணுறுப்புக்குப் போகும் இரத்தக் குழாய்கள் ஒன்று இரண்டு மில்லிமீற்றர் அகலம். இதயத்தின் குழாய்கள் மூன்று நான்கு. சீனியும் கொலஸ்ரோலும் குழாய்களை அடைக்கத் தொடங்கினால் சிறியதுதான் முதலில் அடைபடும். ஆகவே விறைப்புக் குறைந்தவர் தன் இதயத்தையும் பார்க்க வேண்டும். எனக்கு ஈசிஜியும் கொலஸ்ரோலும் இரத்த அழுத்தமும் அன்றே பார்த்தார்கள். கொலஸ்ரோல் கூடுதலாக இருந்தது. நான் வெட்கப்பட்டு மறைத்து வைத்த அந்த வருத்தம்தான் நெஞ்சடைப்பு வருவதற்கு முன்னர் எனக்குக் கிடைத்த எச்சரிக்கை.

ஊசியை நிறுத்தியபின் வந்த மாதங்கள் கொடியவை. வெளியிலிருந்து வந்ததும் இல்லை, உள்ளே சுரப்பதும் இன்னும் தொடங்கவில்லை. காரணமில்லாமல் கண் கலங்கும். கடையைத் திறக்கவே மனம் வராது. இப்படி இருக்கும் என்று வைத்தியர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் தாங்கினேன். ஒரு விந்தணு உருவாகவே ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும், பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் திரும்பும், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம் என்றார். நான்கு மாதம் கழித்துக் காலையில் வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுத்தேன். இம்முறை வேறொரு பரிசோதனை நிலையம். முடிவைப் பார்த்து நெஞ்சு பதறிவிட்டது: 8.3. 214இலிருந்து 8இற்கு விழுந்துவிட்டதே என்று இரண்டு நாள் தூங்கவில்லை. கிளினிக்கில் வைத்தியர் தாளைப் பார்த்துவிட்டு அலகைச் சுட்டிக் காட்டினார். முன்னையது ஒரு டெசிலீற்றருக்கு நனோகிராம். இது ஒரு லீற்றருக்கு நனோமோல். இதை 28.8ஆல் பெருக்கினால்தான் அது வரும். 8.3 என்பது 239. குறையவில்லை, கூடியிருந்தது. இரண்டு இடத்து முடிவுகளை ஒப்பிடுபவர்கள் இலக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னர் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். முடிந்தால் ஒரே நிலையத்தில் எடுங்கள். அன்று எல்.எச்., கபச்சுரப்பியின் இன்னொரு ஓமோனான புரோலக்ரின், தைரொய்ட் மூன்றும் பார்த்தார்கள். கபச்சுரப்பியிலோ விதையிலோ வேறு கோளாறு இருக்கிறதா என்று தெரியாமல் சிகிச்சை தொடங்கக் கூடாதாம். ஊசிக்கு முன்னரே பார்த்திருக்க வேண்டியவை அவை.

பிறகு செய்தவை எல்லாம் கேட்பதற்குப் பழைய புத்திமதி போலத்தான் இருக்கும். எனக்குக் கைகொடுத்தவை அவைதான், ஆகவே சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஆறு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. அதைச் சீனியில்லாத இரண்டாகக் குறைத்தேன். கிழமைக்கு மூன்று இரவு கடையை மூடிவிட்டுச் சாப்பிட்ட கொத்துரொட்டியை நிறுத்தினேன். குரக்கன் புட்டென்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைத்திருந்தேன். அதுவும் மாப்பொருள்தான், அளவுதான் முக்கியம் என்று வைத்தியர் திருத்தினார். இப்போது சாப்பாட்டுக் கோப்பையில் பாதி கீரையும் மரக்கறியும், கால் பங்கு மீன் அல்லது பருப்பு, மிச்சக் கால் பங்குதான் சோறு. விடிய ஐந்தரைக்கு மனைவியும் நானும் பண்ணைக் கடலோரம் நாற்பது நிமிடம் நடப்போம். நடை மட்டும் போதாது, தசைக்கும் வேலை வேண்டும் என்றதால் கடையிலேயே தொடங்கினேன். நான்கு லீற்றர் பெயின்ட் தகரம் இரண்டைக் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு குந்தி எழும்புவேன். முதல்நாள் எட்டுத் தடவையில் முழங்கால் நடுங்கியது. தகரத்தின் கைபிடிக் கம்பி விரலில் பதிந்து கன்றியது. இப்போது துணி சுற்றிப் பிடித்து முப்பது தடவை செய்கிறேன்.

தூக்கத்தை நான் கடைசியாகத்தான் நம்பினேன். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் பத்து இளம் ஆண்களை ஒரு கிழமைக்கு இரவில் ஐந்து மணித்தியாலம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தபோது, அவர்களுடைய பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 வீதம் குறைந்திருக்கிறது. நானோ இரண்டு வருடம் அப்படித்தான் தூங்கினேன். இப்போது பத்து மணிக்குப் போன் குசினி மேசைக்குப் போய்விடும். நிறை குறையக் குறையக் குறட்டையும் குறைந்தது என்று மனைவி சொல்கிறாள். நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் எடுக்கிறேன், அதை மறைக்கவோ நிறுத்தவோ இல்லை.

பதினைந்து மாதத்தில் நிறை 92இலிருந்து 80 ஆனது. இடுப்பு 93; இன்னும் 90இற்குள் வரவில்லை. எச்பிஏ1சி 6.2. ஊசி எதுவும் இல்லாமல், 2025 பங்குனி மாதம் வேறு வேறு இரண்டு காலைகளில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் 13.1, 13.4 நனோமோல். விந்தணு, ஊசியை நிறுத்தியபின் எடுத்த முதல் பரிசோதனையில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 இலட்சம் வந்தது, பிறகு 1 கோடியே 10 இலட்சம், இப்போது 2 கோடியே 10 இலட்சம். உலக சுகாதார நிறுவனம் கீழெல்லையாகச் சொல்வது 1 கோடியே 60 இலட்சம். காலை விறைப்பு திரும்பியதை நான் ஒரு நாளிலும் குறித்து வைக்கவில்லை; நின்றதைப் போலவே திரும்பியதும் தெரியாமல்தான் நடந்தது. பிள்ளை இன்னும் தங்கவில்லை. மனைவிக்கு இப்போது 37. முயன்றுகொண்டிருக்கிறோம்.

இந்த ஊசியே நஞ்சு என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. விதையில் காயம் பட்டவர்கள், பிறப்பிலேயே விதை சரியாக வேலை செய்யாதவர்கள், கபச்சுரப்பியில் கட்டி வந்தவர்கள் போன்றோருக்கு அது வாழ்வு கொடுக்கும் மருந்து. அவுஸ்திரேலியாவில் 1,007 ஆண்களோடு நடந்து 2021இல் வெளியான ஆய்வில், நிறை குறைக்கும் பயிற்சியோடு இரண்டு வருடம் இந்த ஊசியும் போட்டவர்களில் நீரிழிவோடு இருந்தவர்கள் 12 வீதம். பயிற்சியோடு மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 21 வீதம். ஆனால் அதே ஆய்வில் மருந்து போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இரத்தம் அந்த 54 எல்லைக்குத் தடித்தது. 2023இல் வெளியான, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்கள் பங்குபற்றிய பெரிய ஆய்வொன்று மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்று காட்டியது. இதயத் துடிப்பு ஒழுங்கீனமும் நுரையீரலில் இரத்தக் கட்டியும் சற்றுக் கூடுதலாக இருந்தன. இது கணக்குப் பார்த்து, கண்காணித்து, தேவைப்பட்டவருக்கு மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து. தொடங்குபவர் சிவப்பணு அளவும், நாற்பது வயது தாண்டியவரென்றால் புரொஸ்ரேற்றுச் சுரப்பிக்கான பிஎஸ்ஏ என்ற இரத்தப் பரிசோதனையும் பார்த்துத் தொடங்கி, சில மாதங்களில் மறுபடியும் பார்க்க வேண்டும்.

35 வயது தாண்டியவர்களுக்குச் சீனி, இரத்த அழுத்தம், நிறை ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கும் சுகவாழ்வு நிலையங்கள் அரச வைத்தியசாலைகளில் இருக்கின்றன. வாய்திறந்து வருத்தத்தைச் சொல்ல முடியாதவர் அங்கே போய் இடுப்பையும் சீனியையுமாவது அளந்து பார்க்கலாம். வைத்தியரிடம் போகும்போது வாய் அடைத்துப்போகும் என்று தெரிந்தால் என்னைப் போல ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள். நான் எழுதியது நான்கே வரி. வைத்தியர் வாசித்துவிட்டுக் கதவைச் சாத்தினார், அவ்வளவுதான். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் குறட்டையைப் பற்றி உங்களைவிட அவருக்குத்தான் தெரியும்.

சென்ற கிழமை, பொதிகளுக்குக் கையெழுத்துப் போட்ட அதே தம்பி, கடை மூடும் நேரத்தில் தயங்கித் தயங்கி நின்றான். அவனுக்கு 29 வயது, கல்யாணமாகி எட்டு மாதம். "அண்ணா, முந்தி உங்களுக்கு வந்த அந்தப் பெட்டி எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டான். கதவை இழுத்துவிட்டு, அவனைக் கதிரையில் இருத்தி, இங்கே எழுதியிருப்பது முழுவதையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு, ஒன்றும் சாப்பிடாமல் வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் சீனி பார்ப்போம். கடையை ஒன்பது மணிக்குத் திறந்தால் போதும். நானும் கூடப் போகிறேன்.